அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்?

இளவயதில் நான் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதினேன். சோழர் காலத்துக் கதை. சரித்திரக் கதை என்றாலே சோழர் காலம்தான் என்று பத்திரிகை ஆசிரியர்களும் வாசகர்களும் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. குதிரை, சுரங்கப்பாதை, ரகசிய ஓலை, மாறுவேஷம் எல்லாம் உண்டு. நாற்பதாவது அத்தியாயம் வாக்கில் என் கதாநாயகன் துங்கபத்திரையைக் கடந்து போய், மேலைச் சாளுக்கியர் படையை முறியடித்துவிட்டுத் திரும்பி வந்தான். என்னென்ன கொண்டுவந்தான் என்று ஒரு பட்டியல் போட்டேன். யானைகள், குதிரைகள், பொன், மணி, சிறைபிடித்த மகளிர். அடுத்த வரியில் கங்கைகொண்ட சோழபுரத்து வீதிகளில் தோரணம் கட்டியாகிவிட்டது.

புத்தகமாகவும் வந்து சில பதிப்புகள் கண்டது. கதாநாயகி யாரை மணந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு கூடை தேறும். அந்தப் பட்டியலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு கார்டு எழுதிப் போட்டார். கதை நன்றாக இருந்தது, வர்ணனைகள் நன்றாக இருந்தன என்றெல்லாம் மரியாதைக்குச் சொல்லிவிட்டு, கடைசியில், “நாற்பதாம் அத்தியாயத்தில் யானைகளை எங்கே கட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்?” என்று கேட்டிருந்தார்.

யானைகளை எங்கே கட்டினார்கள் என்று நான் எழுதித்தான் இருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நான் படித்ததையெல்லாம் அந்தக் கார்டை அருகில் வைத்துக்கொண்டே படித்தேன் என்று சொல்லலாம். நம் பழைய இலக்கியத்தில் இந்தப் பெண்கள் இல்லாமல் இல்லை. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். நீர்த்துறையில் மூழ்கி எழுந்து, அந்தி வேளையில் அம்பலத்தில் விளக்கேற்றுகிறார்கள். மெழுகிய தரை, பூ, விளக்கு. கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்தபோது ஆசிரியர் சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். நாங்களும் காட்சியின் அழகில் மயங்கினோம். விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்தோமே ஒழிய, ஏற்றியவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கலிங்கத்துப்பரணியில் கடை திறப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. குலோத்துங்கனின் வெற்றியைப் பாடப் போகிறோம், வந்து கதவைத் திறவுங்கள் என்று பெண்களை அழைக்கும் பகுதி. அப்படி அழைக்கப்படுகிறவர்களில், தங்கள் ஆண்கள் தோற்றுக் காட்டுக்கு ஓடிப்போக, சோழனுடைய வேளத்துக்குள் வந்து சேர்ந்த பாண்டி நாட்டுப் பெண்களும் உண்டு. வேளம் என்றால் அரண்மனைப் பணிப்பெண்களின் குடியிருப்பு. போரில் பிடிபட்ட பெண்கள் அங்கே இருந்தார்கள் என்று கல்வெட்டு ஆராய்ச்சியாளர்களும் சொல்லுகிறார்கள். ஜெயங்கொண்டார் மகாகவி, அவருடைய சந்தத்துக்கு முன்னால் நாமெல்லாம் எம்மாத்திரம்! ஆனால் ஊரையும் உறவையும் இழந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் போய், உன் எஜமானன் புகழைப் பாடுகிறோம், எழுந்து வந்து கதவைத் திற என்று சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று அந்தச் சந்தத்தின் வேகத்தில் நமக்குத் தோன்றுவதே இல்லை. அவளைப் பாட்டைக் கேட்கச் சொல்கிறார்கள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எதிரி வீட்டுக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். கர்நாடகத்து ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாளுக்கியர் கல்வெட்டு ஒன்று, சோழர் படை நாட்டைக் கொள்ளையிட்டதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும், கன்னிகளைப் பிடித்துக்கொண்டு போனதையும் சொல்லுகிறது. பகைவன் வெட்டிய கல், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்று நாம் தள்ளிவிடலாம். அப்படியானால் நம் மெய்க்கீர்த்திகளையும் அதே தராசில் வைக்க வேண்டியிருக்கும்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பெண்கள் பேசப் போவதில்லை. ஆனால் நம் தேசத்திலேயே, இன்னும் நினைவு மங்காத காலத்தில், இதே காரியம் நடந்தது, கதையாகவும் எழுதப்பட்டது. 1947-இல் பஞ்சாபைப் பிளந்தபோது எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆயுதம் தாங்கிய கூட்டங்கள் கிராமங்களையும் ரயில்களையும் வளைத்துக்கொண்டு பெண்களைத் தூக்கிப்போயின. அரசாங்கங்கள் பின்னால் போட்ட கணக்கு: இந்தியப் பக்கத்தில் கடத்தப்பட்ட முஸ்லிம் பெண்கள் 50,000, பாகிஸ்தான் பக்கத்தில் கடத்தப்பட்ட ஹிந்து, சீக்கியப் பெண்கள் 33,000. அந்தச் சமயத்தில் இதைப் பற்றி எழுதத் துணிந்தவர்களை நான் படித்தது அந்த ஆசிரியையின் கேள்விக்குப் பதில் தேடித்தான். உருது எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புகளில் படித்தவன் என்ற உரிமையோடுதான் பேசுகிறேன்.

முதலில் மண்ட்டோ. அவருடைய ‘கோல் தோ’ தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரிந்த கதை. ‘திற’ என்று பொருள். (கடை திறப்பு ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.) அமிருதசரஸிலிருந்து வந்த ரயிலில் கிழவர் சிராஜுத்தீன் பதினேழு வயது மகள் சகீனாவைத் தொலைத்துவிடுகிறார். அவளுடைய துப்பட்டா மட்டும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அவருடைய சொந்த மதத்தைச் சேர்ந்த எட்டு வாலிபத் தொண்டர்கள் லாரியும் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு, காணாமற்போன பெண்களைத் தேடித் தருகிறார்கள். சகீனாவையும் கண்டுபிடிக்கிறார்கள். பல நாட்கள் கழித்து ரயில் பாதை ஓரத்தில் பிரக்ஞையில்லாமல் கிடந்தவளை முகாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். ஜன்னலைத் திற என்று டாக்டர் கிழவரிடம் சொல்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கட்டிலில் கிடப்பவளின் கைகள் தாமாக என்ன செய்கின்றன என்பதுதான் கதை. படிக்காதவர்களுக்காக அதை நான் சொல்லப் போவதில்லை.

1948-இல் இதை வெளியிட்ட ‘நுகூஷ்’ பத்திரிகையைப் பாகிஸ்தான் அரசாங்கம் ஆறு மாதம் நிறுத்திவைத்தது. பெண்களைத் தூக்கிப்போனதைவிட, நம் ஆட்களும் அதைச் செய்தார்கள் என்று எழுதியதுதான் பொது அமைதிக்குப் பங்கம் என்று பட்டது போலிருக்கிறது.

இந்தக் கதையை எல்லோரும் கடைசி வரியின் அதிர்ச்சிக்காகப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது கிழவரின் கூச்சல். டாக்டருக்கு வியர்த்துக் கொட்டுகிறது; கிழவரோ மகள் உயிரோடு இருக்கிறாள் என்று ஆனந்தத்தில் கத்துகிறார். அவருக்குப் புரியவில்லை, பாவம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். புரியாவிட்டால்தான் என்ன? அதே 1947-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ராவல்பிண்டி ஜில்லாவில் தோவா கால்ஸா என்ற கிராமத்தில் ஏறக்குறைய 90 சீக்கியப் பெண்கள், பகைவர் கையில் சிக்குவதற்கு முன்னால் கிணற்றில் குதித்தார்கள். தகப்பன்மார் தங்கள் கையாலேயே பெண்களை வெட்டிய குடும்பங்களும் உண்டு. மகள் செத்தாள், மானம் பிழைத்தது என்று நிம்மதிப்பட்ட ஆண்கள் இருந்த காலத்தில், அவள் எப்படிக் கிடந்தாலும் உயிரோடிருப்பது போதும் என்று கத்துகிற ஒரு தகப்பனை மண்ட்டோ படைத்தார். அவ்வளவு வேகமான கதையில் அது தவறிப்போகக் கூடிய விஷயம்.

பீஷ்ம ஸாஹ்னியின் ‘தமஸ்’ நாவலிலும் அந்தக் கிணறு வருகிறது. நல்ல நாவல், கலகம் எப்படிக் கூலிக்கு உற்பத்தி செய்யப்படுகிறது என்பதை அதைப் போலச் சொன்ன புத்தகம் குறைவு. ஆனால் பெண்கள் வரிசையாகக் கிணற்றை நோக்கிப் போகும் இடத்தில் மட்டும் ஆசிரியரின் பேனா சற்றே பக்திப் பரவசம் அடைந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். கிணறு நமக்கும் பழக்கமான இடம்தான். கெடுக்கப்பட்ட பெண்ணை என்ன செய்வது என்று தெரியாத தமிழ்க் கதாசிரியர்கள் எத்தனை பேர் அவளைக் கிணற்றடிக்கு அனுப்பியிருக்கிறோம்! அவள் செத்துவிட்டால் நமக்கு அடுத்த அத்தியாயத்தை ஆரம்பிப்பது சுலபம்.

மண்ட்டோவின் கதைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியையின் கேள்வியை அதனிடம் கேட்டால் அது பதில் சொல்லாது. சகீனா என்ன ஆனாள்? அவளை அடிபட்ட உடம்பாகத்தான் பார்க்கிறோம். அடி நம்மேல் விழுகிறது, நாம் துடிக்கிறோம், கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவள் கண் விழித்தால் யாரைப் பார்ப்பாள், என்ன சொல்வாள் என்று எழுத வேறொரு கதாசிரியர் தேவைப்பட்டார்.

ராஜிந்தர் சிங் பேதி லாஹூர் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். பிரிவினைக்குப் பிறகு பம்பாய்க்கு வந்து, 1955-இல் வந்த ஹிந்தி ‘தேவதாஸ்’ படத்துக்கு வசனம் எழுதினார் என்றால் நமக்கு இன்னும் பரிச்சயமாகத் தோன்றும். அவருடைய ‘லாஜ்வந்தி’யை நான் மூன்று தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது, ஒரு நல்ல மனிதனைப் பற்றிய கதை என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். என்னைப் போன்ற வாசகனுக்காகவே விரித்த வலை அது என்பது இரண்டாம் தரம்தான் தெரிந்தது.

லாஜ்வந்தி என்றால் தொட்டாற்சிணுங்கி. அதுதான் அந்தப் பெண்ணின் பெயரும். அவள் புருஷன் சுந்தர்லால் லூதியானாவில் ஒரு பேட்டையில் வசிக்கிறவன். பிரிவினையில் அவள் கடத்தப்பட்டுவிடுகிறாள். முன்பெல்லாம் அவளை அடித்துக்கொண்டிருந்தவன்; இப்போது அதை நினைத்து உருகுகிறான். மீண்டு வரும் பெண்களை ஒதுக்காதீர்கள், நெஞ்சில் இடம் கொடுங்கள் என்று பிரசாரம் செய்ய அந்தப் பேட்டையில் ஒரு கமிட்டி ஏற்படுகிறது. சுந்தர்லால் அதற்குக் காரியதரிசி. விடியற்காலையில் கமிட்டியார் பாட்டுப் பாடிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். கோவிலில் கதை சொல்லுகிறவர் வண்ணான் சொல் கேட்டு ராமன் சீதையை விலக்கியதை எடுத்துப் பேச, சுந்தர்லால் எழுந்து சண்டை போடுகிறான். சீதை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறான். அந்த இடத்தில் நமக்கெல்லாம் கைதட்டத் தோன்றும். பேதி அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஒருநாள் லாஜ்வந்தியே திரும்பி வந்துவிடுகிறாள். எல்லையில் பெண்களைப் பரிவர்த்தனை செய்யும்போது, எங்களுக்கு வயதானவர்களைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று இரண்டு பக்கத்துத் தொண்டர்களும் தகராறு செய்கிறார்கள். மாட்டுச் சந்தையில் நிற்பதுபோல இருக்கிறது. வந்தவளைப் பார்த்ததும் சுந்தர்லாலுக்கு ஒரு சின்ன உறுத்தல். இளைத்துக் கறுத்துப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தான். அவளோ முன்னைவிடச் சற்று நிறமாக, பூசினாற்போல் இருக்கிறாள். துயரப்பட்டவள் துயரப்பட்டவளாகத் தெரிய வேண்டாமோ? இந்த ஒரு நுட்பத்துக்காகவே பேதிக்கு நமஸ்காரம் செய்யலாம். பாதிக்கப்பட்ட பெண் நம் கற்பனைக்குத் தக்கபடி பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சுந்தர்லால் மட்டுமல்ல. கோர்ட்டும் அப்படித்தான், பத்திரிகையும் அப்படித்தான், நாவல் வாசகர்களும் அப்படித்தான்.

அவன் சொன்ன சொல் தவறாமல் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறான். ஒருநாள் விசாரிக்கிறான். அவன் யார், உன்னை நன்றாக வைத்துக்கொண்டிருந்தானா, அடித்தானா என்று. அடிக்கவில்லை, ஆனாலும் அவனிடம்தான் பயமாக இருந்தது என்கிறாள் அவள். நீங்கள் அடித்தீர்கள், உங்களிடம் பயமில்லை. இனிமேல் அடிக்க மாட்டீர்களே என்கிறாள். சுந்தர்லால் கண்ணீர் விட்டு, மாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். அப்போது அவளை ஒரு புதிய பெயர் சொல்லி அழைக்கிறான். தேவி.

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுக்கிறாள். நடந்ததை விட்டுத்தள்ளு, உன்மேல் என்ன குற்றம், சமூகத்தின்மேல்தான் குற்றம் என்று அவன் தடுத்துவிடுகிறான். எவ்வளவு முற்போக்கான பேச்சு! ஒரு வார்த்தையில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த நியாயமான பேச்சில் அவளுடைய வாய் அடைபட்டுப் போகிறது. அதற்குப் பிறகு அவன் அவளை அடிப்பதில்லை, சண்டை போடுவதில்லை, மரியாதையாக நடத்துகிறான். கேரட் கொடுத்தால் கோபம், முள்ளங்கி கொடுத்தால் சமாதானம் என்று இருந்த பழைய லாஜோவாக அவள் இனி ஆக முடியாது. தன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள்; அது இப்போது தேவியின் உடம்பு, அவளுடையது அல்ல. வீடு கிடைத்துவிட்டது, அவள் அழிந்துவிட்டாள்.

நம் வீடுகளிலும் இந்தத் தந்திரம் உண்டு. ஆண்பிள்ளைக்கு ஒரு விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்க இஷ்டமில்லாவிட்டால், நீ தெய்வம், நீ பொறுமைசாலி, உனக்குத் தெரியாததா என்று ஆரம்பிப்பான். சுந்தர்லால் கெட்டவன் அல்ல. கேட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவளைப் பீடத்தில் ஏற்றியது அவளுடைய கௌரவத்துக்காக மட்டும் அல்ல. பீடத்தின்மேல் இருப்பவள் பேச மாட்டாள் என்பதற்காகவும்தான். இதை பேதி எங்கேயும் சொல்லவில்லை. சுந்தர்லாலைப் பரிகசிக்கவும் இல்லை. அதுதான் கதையின் பலம். பரிகசித்திருந்தால் நானும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தப்பித்திருப்பேன்.

இதைப் படித்தபோது புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ நினைவுக்கு வந்தது. 1943-இல் வந்தது, பிரிவினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதிலும் சீதை வருகிறாள். தான் தீக்குளித்ததை அகலிகையிடம் அவளே சொல்லுகிறாள். கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிப் போகிறாள். ராமனை விமரிசித்த கதை என்று அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல, இன்னொருத்தி உட்கார்ந்து முழுவதும் கேட்டாள் என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. கேட்டவளுக்கு நேர்ந்த கதியைப் பார்த்தால், சுந்தர்லால் ஏன் காதைப் பொத்திக்கொண்டான் என்பதும் விளங்குகிறது.

கதை ஒருபுறம் இருக்க, அரசாங்கம் என்ன செய்தது? 1947 டிசம்பரில் இரு தேசங்களும் இந்தப் பெண்களை மீட்டுத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. மிருதுளா சாராபாய் போன்றவர்கள் இரவு பகல் பாராமல் அலைந்தார்கள். இந்தியாவில் இருந்த முஸ்லிம் பெண்களை மீட்பதற்காக 1949-இல் ஒரு சட்டம் வந்தது. கடத்தப்பட்டவர் யார் என்பதற்கு அதில் இலக்கணம் சொல்லியிருந்தார்கள். ஆணானால் 16 வயதுக்கு உட்பட்ட பையன். பெண்ணானால் எந்த வயதும். 1947 மார்ச்சு 1-ஆம் தேதிக்குப் பிறகு குடும்பத்தைப் பிரிந்து வேறொருவர் வீட்டில் அவள் இருந்தால், போலீஸார் வாரண்டு இல்லாமல் அழைத்துப் போகலாம். அதற்குப் பின் பிறந்த குழந்தையும் கடத்தப்பட்டதாகவே கணக்கு. அவள் போக விரும்புகிறாளா என்று கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தகராறு வந்தால் ஒரு டிரிபியூனல் தீர்மானிக்கும். 1957 வரையில் அது அமலில் இருந்தது. இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 30,000 பேர் மீட்கப்பட்டார்கள்.

இதனால் உயிரும் விடுதலையும் பெற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதை மறுப்பது பாவம். ஆனால் வர மாட்டேன் என்று அழுதவர்களையும், என் தகப்பன் வீட்டில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டவர்களையும் அந்த வேலையில் ஈடுபட்டிருந்த அனீஸ் கித்வாய், கமலாபென் படேல் இருவருமே தங்கள் நினைவுகளில் குறித்திருக்கிறார்கள். சட்டமும் ஒரு சுந்தர்லால்தான். அவளை மீட்டது, பேச விடவில்லை. ஊர்வசி புட்டாலியா தம்முடைய புத்தகத்தையும், ரிது மேனன், கம்லா பஸின் இருவரும் தங்கள் புத்தகத்தையும் வெளியிட்டு, அந்தப் பெண்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் சொன்னதை நாம் கேட்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பது வருஷம்!

அதே 1998-இல், ருவாண்டாவில் நடந்த படுகொலைகளை விசாரிக்க ஏற்பட்ட சர்வதேச நீதிமன்றம், பெண்களைக் கெடுத்ததை இன அழிப்பின் ஒரு முறையாகவே கருதித் தீர்ப்பளித்தது. டாபா என்ற ஊரின் தலைவராக இருந்த அகயேஸு என்பவர்மேல் நடந்த வழக்கு. ஆரம்பத்தில் குற்றப் பத்திரிகையில் அந்தக் குற்றமே கிடையாது. 1997-இல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், வேறு விஷயம் சொல்லுகையில் தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததையும் சொன்னாள். மேலே நகர்ந்துவிடாமல், மூன்று நீதிபதிகளும் விவரம் கேட்டார்கள். பின்னர் குற்றப் பத்திரிகை திருத்தப்பட்டது. அந்த மூவரில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இது நாவல் அல்லதான். ஆனால் நாவலாசிரியனுக்கு இதில் ஒரு தொழில் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் சொல்லுகிறாள். கதை நகர வேண்டுமே என்று நான் அவசரப்பட்டால் அது காதில் விழாது.

இதை ஆண் கதாசிரியர்கள்தான் எழுதினார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அம்ருதா ப்ரீதம் 1950-இல் எழுதிய ‘பிஞ்சர்’ பஞ்சாபி நாவல். ‘எலும்புக்கூடு’ என்று அர்த்தம். கடத்தப்பட்ட பூரோ தப்பித்துப் பெற்றோரிடம் ஓடி வருகிறாள்; அவர்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடத்தியவனிடமே திரும்பிப் போய் ஹமீதாவாகிறாள். பிரிவினையின்போது இன்னொரு பெண்ணை மீட்டு அனுப்பிவைத்துவிட்டு, தனக்கு வாய்ப்பு வந்தபோது எல்லையைத் தாண்ட மறுத்து அவனுடனேயே இருந்துவிடுகிறாள். அந்த முடிவை அவளே எடுக்கிறாள் என்பதைப் பலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்த ரஷீத் கொஞ்சம் சீக்கிரமே நல்லவனாகிவிட்டான் என்ற குறை உண்டு. கடத்தியவன் மனம் திருந்தினால் கதைக்கு சௌகரியம். அவளுடைய சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஊர் ஊராக அலைந்த பைத்தியக்காரி ஒருத்தி பிள்ளை பெற்றுச் செத்துப்போக, அந்தக் குழந்தையைப் பூரோ எடுத்து வளர்க்கும் பகுதியை எழுதியவரிடம் இதையெல்லாம் பெரிதாகச் சொல்லக் கூடாது.

ஜோதிர்மயி தேவியின் வங்காள நாவல் ‘ஏபார் கங்கா ஓபார் கங்கா’ நம்மிடையே அவ்வளவு பேசப்படவில்லை. இதை முதலில் பத்திரிகையில் வெளியிட்டபோது அவர் வைத்த தலைப்பு, சரித்திரத்தின் ஸ்திரீ பர்வம் என்ற பொருள் உடையது. மகாபாரதத்தில் ஸ்திரீ பர்வம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, செத்துப்போன புருஷனுக்காகவும் பிள்ளைக்காகவும் பெண்கள் அழும் பர்வம் அது. அவர்களுக்கே நேர்ந்ததைச் சொல்லும் பர்வத்தை வியாசரும் எழுதவில்லை என்பது இந்த அம்மையாரின் கட்சி.

கதாநாயகி சுதாரா தில்லியில் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். 1946-இல் நவகாளிக் கலவரத்தின்போது சிறுமி. வீடு எரிந்தது, அப்பா செத்தார், அவள் நினைவிழந்தாள். அந்த இரவில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று நாவல் சொல்லவே இல்லை. அவளுக்கும் தெரியாது. பக்கத்து முஸ்லிம் குடும்பம் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மாதக்கணக்கில் பேணிக் காப்பாற்றி, கல்கத்தாவில் அண்ணன்மாரிடம் ஒப்படைக்கிறது. கொடுமை அங்கேதான் ஆரம்பம். தண்ணீர்க் குடத்தைத் தொடாதே, கல்யாணப் பந்தியில் எல்லோரோடும் உட்காராதே. ஒருவரும் அவளைத் திட்டுவதில்லை. என்ன நடந்தது என்று ஒருவரும் அவளைக் கேட்பதும் இல்லை. தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டுவிட்டார்கள். கத்தியும் தீயும் ஒரே இரவோடு முடிந்துபோக, தண்ணீர்க் குடம் வருஷக்கணக்கில் தொடருகிறது. கடைசியில் அவளை மணக்க ஒருவன் முன்வருவது நாவலாசிரியை நம்மேல் இரக்கப்பட்டுச் செய்ததோ என்று படுகிறது. அந்த இரக்கம் நாவலுக்குத் தேவையில்லை. இருந்தாலும், அந்த இரவை எழுதாமல் விட்டாரே, அதற்கு ஈடான தைரியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் எழுதியிருந்தால் அந்த இரவுக்கு இரண்டு அத்தியாயம் ஒதுக்கியிருப்பேன். பத்திரிகையில் அதற்குப் படமும் போட்டிருப்பார்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு, என் நாவலுக்கு மறுபதிப்புக் கொண்டுவரப் பதிப்பாளர் கேட்டபோது, அந்த நாற்பதாம் அத்தியாயத்தைத் திருத்திவிடுவது என்று உட்கார்ந்தேன். சிறைபிடிக்கப்பட்ட பெண்களில் ஒருத்தியை எடுத்துக்கொண்டேன். துங்கபத்திரைக் கரையில் ஓர் ஊர் கொடுத்தேன், பெயர் கொடுத்தேன். சோழபுரத்து வேளத்தில் முதல் நாள் இரவு அவளைப் பேசவைக்கப் பார்த்தேன். நான்கு தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் இரண்டாவது பக்கத்தில் அவள் அழகான தமிழில் சாபம் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். மேடைப் பேச்சு. கன்னடம் பேசுகிறவள், சுற்றிலும் ஒரு சொல்லும் புரியாத இடத்தில் இருக்கிறவள் எப்படிப் பேசுவாள், யாரிடம் பேசுவாள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் பாண்டிநாட்டுக்காரி கேட்பாளா? அவளுக்கும் சொல்ல இருக்குமே.

கிழித்துப் போட்டுவிட்டு, அந்த வரியையே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். யானை, குதிரை, பொன், மணி என்று பட்டியலை நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எதற்கும் ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி, முயன்றேன், வரவில்லை, ஆகவே அடித்துவிடப் போகிறேன் என்று தெரிவித்தேன். நான்காம் நாள் பதில் வந்தது. மறுபடியும் கார்டுதான். எழுத வராவிட்டால் பரவாயில்லை, ஆனால் அந்த வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அது ஒன்றுதானே இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

எடுக்கவில்லை. யானை கட்டிய அரைப் பக்கத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன்.